மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது

எனக்குத் தோசை பிடிக்கும். ஆனால் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் எந்த ஓட்டலிலும் நான் வாய் திறந்து தோசை கேட்டதில்லை. இட்லி கேட்பேன், பூரி கேட்பேன், இரண்டும் தீர்ந்துவிட்டது என்றால் பொங்கல். கோளாறு வயிற்றில் அல்ல, வாயில். 'த' என்று தொடங்கும் எந்தச் சொல்லும் எனக்கு வராது. நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். கழுத்து இறுகும், மூச்சு நிற்கும். எதிரில் இருப்பவர் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், கடைசியில் அவரே ஏதாவது ஒரு சொல்லை எடுத்துக் கொடுப்பார்.

திக்குவாய் என்றால் ஒரே எழுத்தைப் பத்து முறை சொல்வது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஒரு வகை. என்னுடையது சத்தமே இல்லாத வகை. சொல் தொடங்காது, அவ்வளவுதான். அதனால் எனக்குத் திக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. அளந்து பேசுகிறவர், கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவர் என்று பெயர். நான் அதை மறுத்ததில்லை. மறுப்பதற்கும் அந்தச் சொல்லைத்தானே முதலில் சொல்லியாக வேண்டும்.

இந்த மாதிரி ஆட்கள் எல்லோரும் ஒரு வித்தை கற்று வைத்திருப்போம். வராத சொல் வருவதற்கு நான்கு சொல்லுக்கு முன்பே தெரிந்துவிடும். சட்டென்று வேறு சொல்லுக்குத் திரும்பிவிடுவோம். 'தம்பி' வராது, 'ஏம்ப்பா' வரும். 'தலைவலி' வராது, 'மண்டை இடிக்குது' வரும். 'தயிர்' வராது என்று மோர் கேட்டு மோரே குடித்திருக்கிறேன். நான் குடியிருப்பதோ தாம்பரத்தில். வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவன் என்பதால் ரயிலில் சீசன் டிக்கெட் கிடையாது. எப்போதாவது மாம்பலம் பக்கம் போய்விட்டுத் திரும்பினால், கவுண்ட்டரில் 'ஒரு வண்டலூர்' என்பேன். தாம்பரம் தாண்டித்தான் வண்டலூர், ஆகையால் டிக்கெட் செல்லும். போகாத ஊருக்குப் போகிறவனாக நடித்து, வழியில் சொந்த ஊரில் இறங்கிக்கொள்வேன். முப்பது வருஷம் இப்படித்தான் வீடு வந்து சேர்ந்தேன்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. வந்து விழும் சாமான்களை அளந்து பார்த்து, சரியா தவறா என்று முத்திரை குத்தி அனுப்பும் பிரிவு. பேசாமல் வேலை செய்யலாம் என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்தேன். பதவி உயர்வு இரண்டு முறை வந்தது. காலைக் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டும் என்றார்கள். இரண்டு முறையும் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்தேன். எழுத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

வெளியே எனக்காகப் பேசுகிற ஆள் என் மைத்துனன், மனைவியின் தம்பி. நல்லவன், நன்றாகப் பேசுவான், என் மேல் உண்மையான பாசம். நான் தொடங்கிய வாக்கியத்தையெல்லாம் அவனே முடித்து வைப்பான். ஒருமுறை டாக்டர் எங்கே வலி என்று கேட்டார். நான் 'வ' என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்தவன் 'வயிறு சார்' என்றான். நான் சொல்ல வந்தது வலது தோள். டாக்டர் படுக்க வைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்து மாத்திரை எழுதினார். திருத்திச் சொல்வதைவிட விழுங்குவது எளிது என்று ஒரு வாரம் வயிற்று மாத்திரை விழுங்கினேன். தோள் தானாகவே சரியாகிவிட்டது.

இவ்வளவையும் சமாளித்தேன். சமாளிக்க முடியாத ஒன்று இருக்கிறது. ஆள் பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. தாம்பரத்துக்கு ஒரு வண்டலூர் உண்டு. ஒருத்தியின் பெயருக்குப் பதில் இன்னொருத்தியின் பெயரைச் சொல்ல முடியாது. என் மகளின் பெயர் 'த' என்று தொடங்குகிறது.

பெயர் வைத்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். பிறந்த ஏழாம் நாள், மனைவியும் மைத்துனனும் சேர்ந்து ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, "நல்லாருக்குல்ல?" என்று என்னைக் கேட்டார்கள். பெயர் அழகாகத்தான் இருந்தது. எனக்கு வாயில் வராது, வேறு வையுங்கள் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பெற்ற மகளின் பெயரைச் சொல்லத் தெரியாத தகப்பன் என்று யார்தான் ஒப்புக்கொள்வான்? சும்மா இருந்தேன். சும்மா இருப்பவன் சம்மதிக்கிறான் என்பது பேசத் தெரிந்தவர்கள் போட்ட சட்டம். குழந்தையின் காதில் கிசுகிசுத்தபோது மட்டும் பெயர் தடையில்லாமல் வந்தது. கிசுகிசுப்புக்குத் திக்கல் கிடையாது. பிறகு அவள் பாப்பா ஆனாள், கண்ணு ஆனாள், செல்லம் ஆனாள். இந்த மனுஷனுக்கு மகள் மேல் என்ன பிரியம், பெயரைக்கூடச் சொல்லிக் கூப்பிடுவதில்லை என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள்.

அவளுக்கு ஆறு வயதில் வண்டலூர் மிருகக்காட்சிசாலைக்கு அழைத்துப் போயிருந்தோம். விடுமுறை நாள், நல்ல கூட்டம். மனைவி சாப்பாட்டுப் பையோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். நீர்யானையைப் பார்த்துக்கொண்டிருந்த நான் திரும்பினால் குழந்தையைக் காணோம். சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும், வேறு வழியில்லை. வாயைத் திறந்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. 'பாப்பா' என்று கத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கத்தினேன். பத்துப் பதினைந்து குழந்தைகள் திரும்பிப் பார்த்தன. அறிவிப்பு செய்கிற அறைக்கு ஓடினேன். "குழந்தை பேர் என்ன சார்?" என்றார் ஒலிபெருக்கி முன்னால் இருந்தவர். அவரிடமிருந்து பேனாவைப் பிடுங்கி எழுதிக் காட்டினேன். பெயர் பூங்கா முழுக்க ஒலித்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். குழந்தை அழவில்லை. "நான் அங்கதான் மரத்துக்குப் பின்னாடி நின்னேன் அத்தா. நீங்க தேடுனதப் பார்த்தேன். நீங்க கூப்பிடுவீங்க, ஓடி வரலாம்னு நின்னேன். ஏன் கூப்பிடல?" என்றாள்.

ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்பட்டுக் கூனிக் குறுகிய நாள் அதுதான். இதை எழுதும்போதும் அந்த வெட்கம் குறையவில்லை.

அவள் படித்து, ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே எல்லோருக்கும் ஒரு சவால் பைத்தியம். முப்பது நாள் சர்க்கரை இல்லாமல், இருபத்தொரு நாள் செல்போன் இல்லாமல், தினமும் பத்தாயிரம் அடி நடப்பது என்று ஏதாவது ஒன்றை எழுதி எங்கள் வீட்டு ஃப்ரிஜ்ஜில் ஒட்டி வைப்பாள். ஒவ்வொரு நாளும் கட்டத்தில் டிக் போடுவாள். எனக்கு இதில் பெரிய மரியாதை இருந்ததில்லை. சர்க்கரை வாங்க வழியில்லாதவன் சர்க்கரை இல்லாத சவால் எடுப்பதில்லை என்று மனைவியிடம் சொன்னேன். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, நிக்காஹ் நான்கு மாதம் தள்ளி வைத்திருந்த சமயம் அது.

"அத்தா, நீங்களும் ஒரு சேலஞ்ச் எடுங்க. ரிட்டயர் ஆகறதுக்குள்ள உடம்பு துருப்பிடிச்சிடும்," என்று அடி எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கி வந்து என் மணிக்கட்டில் மாட்டிவிட்டாள். ஃப்ரிஜ்ஜில் எனக்கென்று ஒரு தாள் ஒட்டினாள். நானும் சரி என்று டிக் போட ஆரம்பித்தேன். நடந்ததென்னவோ உண்மை. ஆனால் என் சவால் அது இல்லை.

எங்கள் நிக்காஹ்வில் பெண்ணின் தகப்பன், மாப்பிள்ளையின் வலது கையைப் பிடித்துக்கொண்டு, 'என் மகள் இன்னாரை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன்' என்று சபையில் வாய் திறந்து சொல்வது வழக்கம். மாப்பிள்ளை 'கபூல் செய்தேன்', அதாவது ஏற்றுக்கொண்டேன், என்பார். அவ்வளவுதான் கல்யாணம். தகப்பனுக்கு முடியாது என்றால் ஹஜ்ரத்தை, அதாவது பள்ளிவாசல் இமாமை, தன் சார்பில் சொல்லும்படி ஒப்படைத்துவிடலாம். மார்க்கத்தில் தடையில்லை. பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனாலும் ஒரு தடவை, ஒரே தடவை, அவள் காதில் விழும்படி நாலு பேர் முன்னால் அவள் பெயரைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது.

விதிகளை நானே போட்டேன். தினமும் முகம் தெரியாத ஒருவரிடம் 'த' என்று தொடங்கும் ஒரு சொல். மாற்றுச் சொல்லுக்குத் தாவக்கூடாது. பாதியில் எழுந்து போகக்கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் நின்று சொல்ல வேண்டும்.

முதல் நாள் ஓட்டல். சர்வர் நின்றார். வாயைத் திறந்தேன். அவர் பார்த்தார், மேலே ஃபேனைப் பார்த்தார், பக்கத்து மேஜையைத் துடைத்துவிட்டு வந்து மறுபடி நின்றார். கடைசியில் "தோசை" என்று வந்தது, கொஞ்சம் கத்தலாக. "தோசைக்கு லேட்டாகும் சார், கல்லு இன்னும் காயல. இட்லி சூடா இருக்கு," என்றார். இட்லியே சாப்பிட்டேன். சொன்னது சொன்னதுதான், டிக் போட்டுக்கொண்டேன்.

அடுத்த வாரம் மாம்பலம் டிக்கெட் கவுண்ட்டர். ஞாயிற்றுக்கிழமை, எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. "எங்க சார்?" என்றார் உள்ளே இருந்தவர். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து ஒருவர், "யோவ் பெர்சு, இன்னா யோசிச்சுகினு கீற? வண்டி வந்துகினு கீது!" என்று கத்தினார். வண்டலூர் நாக்கு நுனியில் வந்து தயாராக நின்றது. அதைச் சொல்லியிருந்தால் அடுத்த நொடி எல்லோருக்கும் விடுதலை. விடவில்லை. வண்டி வந்தது, நின்றது, போனது. அதற்குப் பிறகு "தாம்பரம்" என்றேன். பின்னால் இருந்தவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். ஐம்பத்தெட்டு வயதில் முதல் முறையாக என் ஊருக்கு என் வாயால் டிக்கெட் வாங்கி, பிளாட்பாரத்தில் அடுத்த வண்டிக்காகக் காத்திருந்தேன்.

தண்ணீர் லாரிக்குப் போன் செய்தது தனிக் கதை. எங்கள் குடியிருப்பில் கோடையில் வாரம் இரண்டு லாரி வரும். போனில் நான் முதல் சொல்லிலேயே சிக்கிக்கொள்ள, அந்தப் பக்கம் சிக்னல் இல்லை என்று நினைத்து வைத்துவிடுவார்கள். மூன்று தடவை வைத்தார்கள். நான்காவது தடவை "தண்ணி வேணும்" என்று முழுதாகச் சொன்னேன். "காலைல இருந்து யாரோ மிஸ்டு கால் குடுத்து விளையாடுறாங்க சார், உங்க நம்பர் மாதிரியே கீது," என்றார் அவர்.

இரண்டு மாதத்தில் தோசை, தாம்பரம், தண்ணீர், தயிர், தபால் ஆபீஸ் எல்லாம் ஒரு மாதிரி வழிக்கு வந்தன. திக்கல் போகவில்லை. போகாது என்று எனக்குத் தெரியும். திக்கிக்கொண்டே சொல்லப் பழகினேன், அவ்வளவுதான். ஆனால் பெயர் வரவில்லை. முகம் தெரியாத ஆளிடம் போய் மகளின் பெயரைச் சொல்லி என்ன கேட்பது? தனியாகச் சொன்னால் நன்றாக வருகிறது. யாராவது கேட்கிற தூரத்தில் இருந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

பிறகு ஒன்றைக் கண்டுபிடித்தேன். லாரியிலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் இறக்கும்போது மோட்டார் போடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. என் குரல் எனக்கே கேட்காது. அந்தச் சத்தத்தில் நின்று பெயரைச் சொன்னால் கொஞ்சமும் தடையில்லாமல் வந்தது. லாரி வரும் காலை நேரங்களில் நானே வலியப் போய்த் தொட்டிப் பக்கம் நின்றேன். குடியிருப்புச் சங்கத்தில் என்னைப் பொறுப்பான மனிதர் என்றார்கள். ஒருநாள் நான் தொடர்ந்து வாயசைப்பதைப் பார்த்த டிரைவர் மோட்டாரை நிறுத்திவிட்டு, "இன்னா பாய், யாரக் கூப்டுகினு கீற?" என்றார். பொண்ணை என்றேன். "வூட்லதான கீது? ஒரு போன் அடி பாய்," என்று மோட்டாரை மறுபடி போட்டார்.

மனைவிக்கு இது தெரிந்துபோனது. தொட்டிப் பக்கம் நான் என்ன செய்கிறேன் என்று மாடியிலிருந்து பார்த்திருக்கிறாள். கோபப்படவில்லை. "எதுக்குங்க இந்த விஷப்பரீட்சை? சம்பந்தி வீட்டு ஆளுங்க எல்லாரும் இருப்பாங்க. நடுவுல நின்னுட்டீங்கன்னா உங்கள விட எனக்குத்தான் தாங்காது," என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தாலும் அடுத்த லாரி வந்தபோது தொட்டிப் பக்கம் போய் நின்றேன்.

நிக்காஹ்வுக்கு இரண்டு வாரம் முன்பு, பள்ளிவாசலில் விண்ணப்பம் கொடுக்க மைத்துனனும் நானும் போனோம். ஹஜ்ரத் இளவயதுக்காரர், பொறுமையானவர். "கொடுக்கிற வார்த்தையை நீங்க சொல்றீங்களா, என்கிட்ட ஒப்படைக்கிறீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்களே சொல்லிடுங்க ஹஜ்ரத்," என்றான் மைத்துனன், வழக்கம்போல. "நானே சொல்றேன்," என்றேன் நான். அந்த இரண்டு சொல்லும் எனக்கு எப்போதும் வரும் சொற்கள்தான். இருந்தாலும் இருவரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் மைத்துனன் செருப்பைக்கூடப் போடாமல் என்னைப் பிடித்துக்கொண்டான். "மச்சான், சொன்னா கேளுங்க. சபையில அத்தன பேரு உக்காந்திருப்பாங்க. மைக் வேற. உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகச் சொல்றத நிறுத்து," என்றேன். இவ்வளவு வருஷத்தில் அவனிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். அவன் முகம் சுருங்கிவிட்டது. பாவமாகத்தான் இருந்தது, ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

நிக்காஹ் ஒரு ஞாயிறு காலை, மேடவாக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பார்த்த மண்டபத்தில். ஆண்கள் கீழே, பெண்கள் மாடியில். மாடிக்கு ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அவள் அங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். ஹஜ்ரத் ஓத வேண்டியதை ஓதி முடித்து, என் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, மைக்கை என் வாய்க்குப் பக்கத்தில் நகர்த்தினார். அவர் ஒவ்வொரு துண்டாகச் சொல்லிக் கொடுப்பார், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் உள்ளங்கை ஈரமாக இருந்தது. என்னுடையதோ அவருடையதோ தெரியவில்லை.

முதல் துண்டு நன்றாக வந்தது. இரண்டாவது துண்டில் ஹஜ்ரத், 'என் மகள்' என்று சொல்லி அவள் பெயரைச் சொன்னார். எல்லோருக்கும் கேட்டது. இப்போது என் முறை.

நான்கு மாதம் இந்த இடத்துக்காகத்தான் நடந்தேன். நின்று சொல்வேன், எவ்வளவு நேரம் ஆனாலும் சொல்வேன் என்று முடிவு செய்திருந்தேன். சம்பந்தி என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டான். 'த' வருவதற்கு முன்னாலேயே நாக்கு ஒட்டப்போகிறது என்று தெரிந்துவிட்டது.

"என் மகளை," என்றேன். பெயரைத் தாண்டி அப்படியே போய்விட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. ஐம்பது வருஷத்துப் பழக்கம் தானாகவே வண்டியைத் திருப்பிவிட்டது. ஹஜ்ரத் ஒரு கணம் நிறுத்தினார். பெயரை அவர் ஏற்கனவே சொல்லிவிட்டார், எனக்கு இருப்பதும் ஒரே மகள், எந்தக் குழப்பமும் இல்லை. அடுத்த துண்டைச் சொன்னார். மீதி முழுவதையும் சரளமாகச் சொன்னேன். "கபூல் செய்தேன்," என்றார் மாப்பிள்ளை. துஆ ஓதினார்கள். பேரீச்சம்பழம் கொடுத்தார்கள்.

மைத்துனன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேவிட்டான். "ஒரு தடங்கல் இல்ல மச்சான்! ரேடியோவுல வாசிக்கிற மாதிரி சொல்லிட்டீங்க. நான்தான் தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுடுங்க." சம்பந்தி கையைக் குலுக்கினார். மனைவி மாடியிலிருந்து இறங்கி வந்து, முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டுப் போனாள். அத்தனை பேரும் என்னைப் பாராட்டினார்கள். என் வாழ்க்கையில் யாரும் என் பேச்சைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அளவு தப்பிய சாமானுக்கு நானே சரி என்று முத்திரை குத்தி அனுப்பியது போல இருந்தது. பிரியாணியைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. மாடியில் இருந்தவளும் அதைக் கேட்டிருப்பாள். கவனித்தாளா இல்லையா என்று அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. புகைப்படம் எடுத்தபோது கேமராவை மட்டும் பார்த்தேன்.

சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு அனுப்பி வைத்தோம். மண்டபத்து வாசலில் கார் தயாராக நின்றது. டிரைவர் ஏ.சி. போட்டு வைத்திருந்தார். சம்பந்தி வீட்டார், எங்கள் வீட்டார், பூ, அத்தர் வாசனை, அழுகை, யாரோ ஒருவர் டிக்கியில் பெட்டி கொள்ளவில்லை என்று போட்ட சத்தம். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டாள், மாமாவிடம் சலாம் சொன்னாள், என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். "வர்றேன் அத்தா," என்றாள். நான் தலையாட்டினேன். அவள் காரை நோக்கி நடந்தாள். நான்கைந்து அடி இருக்கும்.

நான் வாயைத் திறந்தேன். எதற்கென்று தெரியாது. நாக்கு போய் ஒட்டிக்கொண்டது. வழக்கமாக அங்கே சத்தமில்லாமல் நின்றுவிடுவேன். அன்று நிறுத்தவில்லை. "த" என்றேன். மறுபடி "த" என்றேன். எல்லோரும் கேலி செய்கிற அந்த வகைத் திக்கல், நான் இத்தனை வருஷமாக யாருக்கும் காட்டாமல் மறைத்து வைத்திருந்தது, சத்தமாக, வாசலில், எல்லோர் முன்னாலும் வந்தது. பேச்சுகள் நின்றன. சம்பந்தியம்மா கீழே பார்த்தார். மைத்துனனுக்குத் தாங்கவில்லை. அவனே அவள் பெயரை உரக்கக் கூப்பிட்டான். "அத்தா கூப்பிடுறாரு பாரு!" என்றான்.

அவள் திரும்பினாள். அவனைப் பார்க்கவில்லை. என் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். கார் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்து மாப்பிள்ளை ஏதோ கேட்டார். அவர் பக்கம் திரும்பாமல் மற்ற கையை லேசாகத் தூக்கி, பொறுங்கள் என்று காட்டினாள். என் முகத்தை அவ்வளவு நேரம் யாரும் பயப்படாமல் பார்த்ததில்லை.

எத்தனை 'த' போட்டேன் என்று தெரியாது. கடைசியில் பெயர் வந்தது. முழுதாக வந்தது.

"என்னத்தா?" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயருக்குப் பிறகு என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை.